பதினேழு, மேலிருந்து கீழ்

என் வீட்டுக்காரர் என்கிட்ட மொதமொதலா பேசின வார்த்தை "தப்பு." அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லலை. பொண்ணு பார்க்க வந்த எடத்துல, நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வெச்சிக்கிட்டு, காபித் தட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். மனுஷன் மடியில ஒரு பேப்பரை விரிச்சி வெச்சிக்கிட்டு அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, "தப்பு"ன்னார். காபியைத் தலையில கொட்டாம இருந்தேன் பாருங்க, அந்தப் பொறுமைக்கே எனக்கு ஒரு மாலை போட்டிருக்கணும்.

அறுபதுகள்ல செஞ்சியில எங்க நைனா மல்லாட்டை மண்டி, அதான் வேர்க்கடலை மண்டி வெச்சிருந்தார். வீட்டுக்குத் தினமும் பேப்பர் வரும். திண்டிவனத்துல இருந்து வர பஸ்ஸுல கட்டு கட்டா எறக்குவாங்க. மத்த நாள்ல பேப்பர் எனக்கு வேணாம், யார் மந்திரியானா எனக்கின்னா. ஞாயித்துக்கிழமை மட்டும் விட மாட்டேன். அன்னிக்குத்தான் குறுக்கெழுத்துப் புதிர் போடுவாங்க. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டு வீட்டுல உக்காந்திருந்தவளுக்கு வாரத்துல அது ஒண்ணுதான் திருவிழா.

லேசான புதிர்னு நெனச்சிடாதீங்க. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டும் இல்ல, வலமிருந்து இடம், கீழிருந்து மேல்னு நாலு பக்கமும் வார்த்தை ஓடும். க, ங, ச எதுவானாலும் எழுத்துக்கு ஒரு கட்டம், புள்ளி வெச்ச எழுத்துக்கும் தனிக் கட்டம். குறிப்பு எல்லாம் வில்லங்கமாத்தான் இருக்கும். "இரண்டு பேருக்குத் தெரிந்தால் செத்துப்போகும்"னு ஒரு தடவை. காலையில இருந்து மண்டையை ஒடச்சிக்கிட்டு, துணி துவைக்கும்போது "ரகசியம்"னு கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரம்மா இன்னா ரகசியம்னு செவுத்துக்கு மேல எட்டிப் பார்த்தாங்க. இந்தப் புதிரைப் போடறவன் பேரை மட்டும் பேப்பர்ல போட மாட்டான். போட்டா ஊர் ஊரா ஆளுங்க கெளம்பி வந்துடுவாங்கன்னு அவனுக்கே தெரியும்.

புதிரை முடிக்கறதுல எங்க வீட்டுல ஒரு முறை இருந்திச்சி. அது நானா வெச்ச முறை. ஆரம்பத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாக் கட்டத்தையும் நானே ரொப்பி, "முடிச்சிட்டேன் நைனா"ன்னு கொண்டுபோய் நீட்டினேன். அவ்வளவுதான், நைனா மூஞ்சி சுருங்கிப் போச்சி. "பேப்பர் வாங்கறது நானு, கிறுக்கறது நீயா?"ன்னார். மறுநாள் வரைக்கும் என்கிட்ட பேசலை. அடுத்த வாரத்துல இருந்து ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுடுவேன். கஷ்டமானதை இல்ல, இருக்கறதுலேயே சுளுவானதா பார்த்து விடுவேன். "இது ஒண்ணுதான் நைனா வரமாட்டேங்குது"ன்னு பாவமா நிப்பேன். அவர் கண்ணாடியைத் தொடச்சி மாட்டி, மைப் பேனாவைத் தொறந்து, கட்டத்தை விட்டு வெளிய வர அளவுக்குப் பெரிய பெரிய எழுத்தா அதை எழுதுவார். அப்புறம் மண்டிக்குப் போய், வரவன் போறவன் எல்லார்கிட்டயும் "இந்த வாரமும் முடிச்சிட்டேன்"னு சொல்லுவார். அம்மாவுக்கு மட்டும் இது தெரியும். முந்தானையை வாயில வெச்சிக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிடுவாங்க.

எங்க வீட்டோட இன்னொரு முறையையும் சொல்லணும், அதுதான் அன்னிக்கு எல்லாருக்கும் தலைவலியா வந்தது. நாங்க ஜைனர். பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்டை முடிச்சிடணும். பொழுது போயிடுச்சின்னா தண்ணிகூட வாயில படக்கூடாதுன்னு இருக்கறவங்க எங்க சொந்தத்துலயே உண்டு. மத்த ஊருல இதுல ஒரு சிக்கலும் இல்ல, சூரியன் இருக்குதா இல்லையான்னு மேற்கால பார்த்தா போதும். எங்க ஊருல மேற்கால பார்த்தா ராஜா கோட்டை மலைதான் இருக்குது. தை மாசத்துல எல்லாம் சூரியன் சீக்கிரமாவே அந்த மலைக்குப் பின்னால போயிடும். தெருவெல்லாம் நெழல் விழுந்துடும். ஆனா அது நெஜமான பொழுதுசாயல் இல்ல, மலை மறைக்குது, அவ்வளவுதான். அதனால எங்க வீட்டுல மேற்கால பார்க்கவே மாட்டோம். வடக்கால இருக்கற ராணி கோட்டையைத்தான் பார்ப்போம். அந்த மலை உச்சியில வெயில் இருக்கற வரைக்கும் பொழுது இருக்குதுன்னு அர்த்தம். அங்க மங்கிப்போச்சின்னா எலையை மடிச்சிட வேண்டியதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

எனக்கு அதுக்கு முன்னால ரெண்டு எடம் வந்து தட்டிப்போயிடுச்சி. மொத எடம் நான் ரொம்ப ஒசரம்னு சொன்னாங்க. பனைமரத்தையா கட்டி வெக்கப் போறோம், ஒசரமா இருந்தா இன்னான்னு அம்மா கேட்டாங்க, கேட்டு இன்னா, போனவங்க போனவங்கதான். ரெண்டாவது எடம் பொண்ணு வாயாடின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பையன் என் படிப்பைக் கேட்டான், சொன்னேன், பதிலுக்கு அவன் படிப்பை நான் கேட்டேன், அதுக்குத்தான் அந்தப் பட்டம். ரெண்டு எடத்துக்காரங்களும் கை நனைக்காம போனாங்க. பொண்ணு வீட்டுல சாப்பாடு சாப்பிட்டா சம்மதம்னு அர்த்தம். சாப்பிடாம பஸ் ஏறினா முடிஞ்சிது கதை. தெருவுல எல்லாரும் சாயங்காலம் எங்க வீட்டுப் பின்பக்கம் எச்சில் எலை விழுதா இல்லையான்னு பார்த்தே தெரிஞ்சிக்குவாங்க. மூணாவது தடவையும் எலை விழலைன்னா அப்புறம் யாரும் நம்ம வாசப்படியை மிதிக்க மாட்டாங்கன்னு நைனா பயந்துட்டார். எனக்கும் பயம்தான், வெளிய காட்டிக்கலை.

மூணாவது எடம் அவலூர்பேட்டைக்கு அந்தாண்ட ஒரு கிராமம். பையன், அவங்க அம்மா, அவங்க தாய்மாமன், மூணு பேர்தான் வராங்கன்னு தகவல். அப்பா இல்லாத பையன், நிலம் இருக்குது, பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை. அம்மாக்காரி ரொம்பக் கண்டிப்பு, வழிபாடு விரதம் எல்லாம் சுத்தமா இருப்பாங்கன்னு சொல்லி விட்டாங்க. நைனா காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு வாயைத் தொறக்கக் கூடாது. கேட்டா தலையை ஆட்டு, போதும்"ன்னார். தலையை ஆட்டினேன்.

ஞாயித்துக்கிழமையாச்சே, பேப்பரும் வந்துடுச்சி. ஒரு பக்கம் அம்மா வடைக்கு அரைக்கிறாங்க, ஒரு பக்கம் நான் ஒளிஞ்சி ஒளிஞ்சி பென்சிலால ரொப்பறேன். வழக்கம்போல நைனாவுக்கு ஒண்ணு விட்டு வெச்சேன். இருபத்தொண்ணு, இடமிருந்து வலம்: "குனிந்தால் முகம் காட்டும், கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடும்." மூணு கட்டம். கிணறு. இதுக்கு மேல சுளுவா ஒரு குறிப்பு இருக்க முடியாது. ஆனா அன்னிக்கு இருந்த அமளியில நைனாவுக்குப் பேப்பரைக் காட்ட நேரம் கெடைக்கலை. கூடத்து மர ஸ்டூல்ல, பழைய ஞாயித்துக்கிழமைப் பேப்பருங்க அடுக்கியிருந்த எடத்துல மேலாப்புல வெச்சிட்டுப் போய்ப் புடவை கட்டிக்கிட்டேன்.

பஸ் தாமதம். அவங்க வந்து சேரும்போதே வெயில் சாய ஆரம்பிச்சிடுச்சி. சாப்பாடு தயாரா இருக்குது. அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், மோர்க்குழம்பு, வடை, பாயசம். வாசனை கூடத்துக்கு வருது. தாய்மாமன் உக்காந்ததுமே மூக்கை உறிஞ்சி, "வடையா?"ன்னு கேட்டார். எனக்கு அந்த மனுஷனை அப்பவே புடிச்சிப்போச்சி.

அவங்க அம்மா மட்டும் முதுகை நிமித்தி உக்காந்துக்கிட்டு, "மொதல்ல பேச்சு முடியட்டும். என் பையன் வாயால சரின்னு சொன்னாத்தான் கை நனைப்போம். இல்லைன்னா காபியோட சரி, மோர்கூட வேணாம்"னு கறாரா சொல்லிட்டாங்க. நியாயம்தானே. எல்லாரும் பையனைப் பார்க்கறாங்க.

பையன் எங்க இருக்கான்? ஸ்டூல் பக்கத்து நாற்காலியில. கையில பேப்பர்.

அவங்க கிராமத்துக்கு ஞாயித்துக்கிழமைப் பேப்பர் திங்கக்கிழமைதான் போவும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சிது. ஒரு நாள் முன்னாலயே புதிரைப் பார்த்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியலை. பொண்ணு பார்க்க வந்ததையே மறந்துட்டார். அவங்க அம்மா முழங்கையால இடிக்கறாங்க, மாமன் இருமறார், அசையலையே. சட்டைப் பையில இருந்து பென்சிலை எடுத்தார். பொண்ணு பார்க்க வரும்போது எவனாவது பையில பென்சிலும் ரப்பரும் வெச்சிக்கிட்டு வருவானா? இவர் வெச்சிருந்தார்.

கதவு இடுக்குல இருந்து நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். சொல்றதுக்கு இன்னா வெக்கம், அந்தப் பென்சிலைப் பார்த்த ஒடனே எனக்கு இவர்தான் வேணும்னு தோணிடுச்சி. மூக்கு எப்படி, நெறம் எப்படின்னு எதையும் பார்க்கலை. செஞ்சி முழுக்க இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன். இன்னொரு பைத்தியம் எங்க வீட்டு நாற்காலியிலேயே வந்து உக்காந்திருக்குது, அதை எப்படி வெளிய விடறது?

அம்மா காபித் தட்டைக் கையில குடுத்துத் தள்ளினாங்க. போனேன். அப்பத்தான் அந்த "தப்பு."

"இன்னாடா தப்பு?"ன்னு அவங்க அம்மா பதறிப்போய் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"பதினேழு, மேலிருந்து கீழ். யார் போட்டது இதை? தப்பாப் போட்டிருக்குது"ன்னார்.

நைனா என்னைப் பார்த்தார். வாயைத் தொறக்காதன்னு அந்தப் பார்வைக்கு அர்த்தம். தொறக்கலைங்க, தலையைத்தான் ஆட்டினேன். ஆனா இல்லைன்னு ஆட்டினேன்.

அப்ப அவர் நிமிர்ந்தார். மொதத் தடவையா என்னைப் பார்த்தார். "இல்லையா? குறிப்பைப் படிங்க. 'மாமியார் மருமகளிடம் எதிர்பார்ப்பது.' அஞ்சு கட்டம். 'இணக்கம்'னு போட்டிருக்குது. 'அடக்கம்'தானே சரி?"

"இணக்கம்தான் சரி"ன்னேன். வந்துடுச்சி, இன்னா பண்றது. நைனா கண்ணை மூடிக்கிட்டார்.

தாய்மாமனுக்கு ஒரே சிரிப்பு. "எதுக்கு ரெண்டு பேரும் அடிச்சிக்கறீங்க? மாமியார் இங்கயே உக்காந்திருக்குது, கேட்டுட்டாப் போச்சி. இன்னாக்கா, நீ மருமககிட்ட இன்னா எதிர்பார்ப்ப?"

அவங்க ஒரு நிமிஷம் யோசிக்கவே இல்ல. "வேலை"ன்னாங்க.

அது கட்டத்துக்குப் பத்தாதுன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, காபியைக் குடுத்துட்டு உள்ள ஓடிட்டேன். அடுப்படியில அம்மா என் தலையில ஒரு குட்டு வெச்சாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. மனுஷன் ரப்பரால என்னோட இணக்கத்தை அழிச்சிட்டு அடக்கத்தை எழுதிட்டார். எழுதிட்டு, பாக்கி இருக்கற ஒரே வார்த்தை, நைனாவுக்காக நான் விட்டிருந்தேனே அந்த இருபத்தொண்ணு, அதுக்குப் போனார். அதோட நடுக்கட்டம் பதினேழுக்கும் பொது. என் வார்த்தை இருந்தப்ப அங்க 'ண' இருந்திச்சி. இப்ப 'ட' வந்துடுச்சி. கடைசிக் கட்டத்துல வேற வார்த்தையில இருந்து வந்த 'று' இருக்குது. நடுவுல ட, கடைசியில று. சொல்லுங்க பார்க்கலாம், அந்தக் குறிப்புக்குப் பொருந்தற மாதிரி இப்படி ஒரு வார்த்தை தமிழ்ல எங்கன்னா இருக்குதா?

கூடத்துல இருந்து அவர் முணுமுணுக்கறது எனக்குக் கேக்குது. "இடறு... குடறு... மடறு..." குடறாம் மடறாம். வாத்தியார் வேற!

நைனா மெதுவா, "தம்பி, இன்னா முடிவு..."ன்னு இழுக்கறார். "இருங்க, ஒண்ணுதான் பாக்கி"ங்கறார். அவங்க அம்மா, "டேய், பொண்ணைப் புடிச்சிருக்குதா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லு"ங்கறாங்க. "அந்த ஒரு வார்த்தைதாம்மா வரமாட்டேங்குது"ங்கறார். நெஜமா இப்படித்தான் பதில் சொன்னார். மாமன் பாவம், அடுப்படிப் பக்கமே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். நேரம் போவுது. நடுவுல மனுஷன் ஸ்டூல் மேல இருந்த பழைய பேப்பருங்களைக்கூட எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். போன வாரப் புதிர்ல எதனா ஒளிஞ்சிருக்குதுன்னு நெனச்சார் போலன்னு நான் பல்லைக் கடிச்சிக்கிட்டேன்.

திடீர்னு கூடம் இருட்டின மாதிரி ஆச்சி. சூரியன் ராஜா கோட்டைக்குப் பின்னால எறங்கிடுச்சி.

அவங்க அம்மா ஜன்னல் வழியா மேற்கால பார்த்தாங்க. ஒடனே எழுந்துட்டாங்க. "போச்சி. பொழுது சாஞ்சிடுச்சி. இனிமே சாப்பாடு இல்ல. கெளம்புங்க, பஸ்ஸுக்குப் போவலாம்."

அவங்க ஊருல மேற்கால ஏரிக்கரை ஒண்ணுதான். அங்க சூரியன் கண்ணுக்கு மறைஞ்சா மறைஞ்சதுதான். மலைக்குப் பின்னால சூரியன் ஒளிஞ்சிக்கிட்டு ஆட்டம் காட்டும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நைனா கையைப் பெசஞ்சிக்கிட்டு நிக்கறார், வாய் வரலை அவருக்கு. விரதம் காக்கறவங்ககிட்ட, இல்லைங்க சாப்பிடலாம்னு சொன்னா, பொண்ணைத் தள்ளி விடறதுக்காக முறையைக் கெடுக்கறான்னு நெனச்சிடுவாங்கன்னு பயம். மாமன் செருப்பைத் தேடறார். என் மூணாவது எடம் வாசப்படி தாண்டப் போவுது.

இவர் போயிட்டா நான் செத்துப்போயிட மாட்டேன், சரி. ஆனா இந்த மாதிரி இன்னொரு ஆள் எங்க இருந்து வருவான்? ஒசரத்தைப் பார்க்காம, பல்லைப் பார்க்காம, நான் எழுதின வார்த்தையைப் பார்த்துச் சண்டைக்கு வந்த ஆளு. கதவைத் தள்ளிக்கிட்டு கூடத்துக்கே வந்துட்டேன்.

"பொழுது இன்னும் போவலை அத்தை"ன்னேன்.

"அத்தையா?"ன்னாங்க அவங்க.

வாய் தவறி வந்ததுதான். ஆனா வந்தது வந்துடுச்சி, நான் திருப்பி வாங்கலை. "தெருவுக்கு வந்து அந்தப் பக்கம் பாருங்க அத்தை"ன்னு கையைக் காட்டினேன்.

எல்லாரும் எறங்கி வந்தாங்க. தெரு முழுக்க நெழல். ஆனா ராணி கோட்டை உச்சியில வெயில் மஞ்சளா அடிச்சிக்கிட்டிருக்குது. மேல இருக்கற கட்டடம் பளபளன்னு தெரியுது. மாமன்தான் மொதல்ல கத்தினார். "அக்கா, வெயில்! அதோ இருக்குது பாரு!" பசி அந்தக் கத்தல்ல தெரிஞ்சிது.

அவங்க லேசுல விடற ஆள் இல்ல. "மலை மேல அடிக்கிற வெயிலுக்கு நான் கீழ உக்காந்து சாப்பிடறதா?"

"சூரியன் ஒண்ணுதானே அத்தை. நடுவுல ராஜா கோட்டை வந்து நின்னுக்கிச்சி, அதுக்கு சூரியன் இன்னா பண்ணும்? எங்க வீட்டுல தெனமும் ராணி கோட்டையைப் பார்த்துத்தான் சாப்பிடறோம். அங்க மங்கினதுக்கப்புறம் ஒரு பருக்கை தொட மாட்டோம்."

என்னை ஒரு தடவை நல்லாப் பார்த்தாங்க. நைனா பக்கம் திரும்பி, "பொண்ணு ரொம்பப் பேசுது"ன்னாங்க. நைனா மூஞ்சி செத்துப்போச்சி. "சரியாத்தான் பேசுது"ன்னு சேர்த்தாங்க. "வெயில் இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா அது மங்கறதுக்குள்ள அந்தத் தடியன் வாயைத் தொறக்கணுமே?"

தடியன் தெருவுக்கே வரலை. அதே நாற்காலி, அதே பேப்பர், அதே மடறு. நான் நேரா அவர் எதிர்ல போய் நின்னு, "பதினேழை எடுத்தாத்தான் இருபத்தொண்ணு வரும்"ன்னேன். இனிமே மறைக்கறதுக்கு இன்னா இருக்குது.

பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பேப்பர். அப்புறம் ரப்பரை எடுத்து அடக்கத்தை அழிச்சார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஆமா, இணக்கம்தான். நான்தான் தப்பு"ன்னார்.

எங்க நைனா அவர் ஆயுசுல நான்தான் தப்புன்னு சொல்லி நான் கேட்டதில்ல. எங்க சித்தப்பன் சொன்னதில்ல, பெரியப்பன் சொன்னதில்ல. ஆம்பளைங்க வாயில அப்படி ஒரு சொல் வரும்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

'ண' திரும்ப வந்ததும் அவர் மொகம் தெளிஞ்சிடுச்சி, விடை தெரிஞ்சிடுச்சின்னு எனக்குப் புரிஞ்சிது. பென்சிலைக் கட்டத்துகிட்ட கொண்டுபோனார். எழுது, எழுதித் தொலை, எழுதிட்டுச் சரின்னு சொல்லுன்னு நான் மனசுக்குள்ள கத்தறேன். எழுதலை. பென்சிலை மறுபடியும் சட்டைப் பையில சொருகிக்கிட்டார். எழுந்துபோய் எங்க நைனாகிட்ட பேப்பரை நீட்டி, "மாமா, இது ஒண்ணு மட்டும் எனக்கு வரலை. நீங்க பாருங்களேன்"ன்னார்.

பாவி மனுஷன்! வெயில் மங்கிக்கிட்டே இருக்குது, இந்த நேரத்துல எங்க நைனாகிட்டயா குடுப்பாங்க? அவர் கண்ணாடி தேடவே ஒரு யுகம் ஆவும். தேடினார். நெத்தி மேலயே இருந்திச்சி. தொடச்சார். மாட்டினார். மைப் பேனா எங்கன்னார். மாமன் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தார். வாசல்ல நின்னு அத்தை, "பாதி உச்சி மங்கிடுச்சி"ன்னு சொல்றாங்க.

நைனா நிதானமாப் படிக்கறார். "குனிந்தால் முகம் காட்டும்... கண்ணாடி?"

"மூணு கட்டம் மாமா."

"கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடும்... மூணு கட்டம்... பிள்ளை? இல்லையே, எங்க வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டா திருப்பித் திட்டும்." மாமனைப் பார்த்துச் சிரிக்க வேற செய்யறார். எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வருது.

"கால்வாசிதான் இருக்குது"ன்னு வாசல்ல இருந்து குரல்.

அப்பத்தான் பின்பக்கம் தடால்னு ஒரு சத்தம். எங்க அம்மா வாளியை இழுத்துக் கெணத்துக்குள்ள விட்டாங்க. அது அடங்கறதுக்குள்ள ராட்டினம் கிறீச்சுன்னு கத்துது, மேல வந்த வாளி மறுபடியும் தடால். அடுப்படியில தண்ணி நெறஞ்சி கெடக்குது, வடிகட்டி வெச்ச தண்ணியே ரெண்டு அண்டா. எதுக்கு இப்பத் தண்ணி எறைக்கறாங்கன்னு எனக்கும் அவருக்கும் மட்டும் புரிஞ்சிது. அவர் தலையைக் குனிஞ்சிக்கிட்டார், தோள் குலுங்குது.

"யாரது இந்த நேரத்துல கெணத்துல..."ன்னு நைனா எரிச்சலாத் திரும்பினவர், அப்படியே நின்னார். "கிணறு! கிணறுய்யா!"

பெரிய பெரிய எழுத்தா எழுதி முடிச்சார். பேனாவை மூடினார். பையன் முதுகுல ஒண்ணு தட்டி, "இது கூடவா தெரியலை மாப்பிள்ளை?"ன்னார். மாப்பிள்ளைன்னே கூப்பிட்டுட்டார்.

அத்தை வாசல்ல இருந்தே, "இன்னாடா, சரியா?"ன்னு கேட்டாங்க.

"சரிதாம்மா. எலையைப் போடச் சொல்லு"ன்னார்.

எலை போட்ட வேகத்தை நீங்க பார்த்திருக்கணும். பாயசத்தை மொதல்ல ஊத்தி, பொரியலை அப்புறம் வெச்சி, சாதத்தை எல்லாத்துக்கும் மேல கொட்டி, ஒரு முறையும் இல்ல. மாமன் ரெண்டு கையாலயும் வடை சாப்பிட்டார். அத்தை ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை வாசல் வழியா எட்டிப் பார்த்தாங்க. கடைசி வாய் மோர்சாதம் உள்ள போனதும் உச்சியில வெயில் மறைஞ்சிது. அன்னிக்கு எங்க வீட்டுப் பின்பக்கம் எச்சில் எலை விழுந்த சத்தத்தைத் தெருவே கேட்டது. அம்மா அதைக் கொஞ்சம் வேகமாவே வீசினாங்கன்னு நெனக்கிறேன்.

கை கழுவ முத்தத்துக்கு வந்தவருக்கு நான்தான் சொம்புல தண்ணி ஊத்தினேன். எனக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் கொடஞ்சிக்கிட்டிருந்தது. "விடை தெரிஞ்சிருந்தும் எதுக்கு நைனாகிட்ட குடுத்தீங்க?"ன்னு கேட்டேன்.

"பழைய பேப்பரெல்லாம் பார்த்தேன்"ன்னார். "எல்லா வாரமும் பென்சில் எழுத்து. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மைப் பேனாவுல. அதுவும் எல்லாத்தையும் விட சுளுவான வார்த்தை."

இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருந்தும் நைனாவுக்குத் தெரியாதது, காபி குடிக்கற நேரத்துக்குள்ள இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சி போச்சி. அதைத் தெரிஞ்சிக்கிட்டு, அவசரத்துலயும் என் முறையைக் காப்பாத்தியிருக்கார். சொம்புத் தண்ணி அவர் கையில விழாம கால்ல விழுந்துக்கிட்டிருந்தது.

"உங்க நைனாவுக்கு விடறது சரி"ன்னார் மெதுவா. "எனக்கெல்லாம் விட்டு வெக்க வேணாம்."

"விட மாட்டேன்"ன்னேன்.

இது வரைக்கும் ஒரு கட்டம் விட்டதில்ல. கல்யாணம் ஆன புதுசுல பெருமையா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டார். அப்புறம் ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பார்த்ததும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு, "ஒண்ணே ஒண்ணாவது மிச்சம் வெக்கக் கூடாதா?"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சார். இப்பவும் கெஞ்சறார். கெஞ்சட்டுமே. வேணாம்னு வாய் விட்டுச் சொன்னது அவர்தானே.